கறுப்பு எங்கும் போகவில்லை

மூன்று நான்கு வருடம் வெயிலில் நின்ற காரை வாட்டர் வாஷுக்கு விடும்போது ஒன்றைக் கவனிக்கலாம். பம்பரின் அடிப்பாகம், சக்கர வளைவைச் சுற்றி ஓடும் கறுப்புப் பட்டை, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தியிருக்கும் பலகை எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் ஷோரூமில் பார்த்த அதே கறுப்பு வந்துவிடும். துடைத்து, காய்ந்து, கொஞ்ச நேரம் வெயிலில் நின்றதும் மறுபடி சாம்பல். "சாயம் போயிடுச்சு சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்பார் கழுவுகிறவர். சாயம் போயிருந்தால் தண்ணீர் அதை எங்கிருந்து கொண்டுவந்தது?

தண்ணீருக்கு நிறம் கிடையாது. அது பட்டதும் கறுப்பு தெரிகிறது என்றால், கறுப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதன்மேல் வேறு ஏதோ நடந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், கறுப்பை மீட்டுத் தருவதாகச் சொல்லி விற்கும் பாட்டில்களில் எது எதைச் செய்யும், எது எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் நாமே கணித்துவிடலாம்.

டிங்கர் கடையில் பம்பரைக் கழற்றி வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெயிலே படாத அந்தப் பக்கம் இன்றும் கறுகறுவென்று இருக்கும். அங்கே இரண்டு கோணக் குறிகளுக்கு நடுவே சிறிய எழுத்துகள் புடைத்திருக்கும். பல வண்டிகளில் அவை பிபி, ஈபிடிஎம், டிடி20 என்ற வரிசையில் வரும். மறுசுழற்சி செய்பவர்கள் பொருளை அடையாளம் காண்பதற்காகப் போடும் முத்திரை அது. பிபி என்பது பாலிப்ரோப்பிலீன். ஈபிடிஎம் ஒரு செயற்கை ரப்பர். லேசாக இடித்தால் உடையாமல் வளைந்து மீள்வது அதன் தயவு. டிடி20 என்றால் எடையில் 20 விழுக்காடு டால்க் தூள். முகப் பவுடரில் இருக்கும் கனிமம்தான். கல்சட்டி குடையும் மாக்கல்லிலும் பெரும்பகுதி அதுவே. பிளாஸ்டிக்குக்கு விறைப்பைக் கூட்டவும், சூட்டில் நீண்டு நெளியாமல் இருக்கவும், விலையைக் குறைக்கவும் இதைக் கலக்கிறார்கள். கறுப்புப் பம்பரில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளைத் தூள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இத்தனைக்கும் கறுப்பைத் தருவது கார்பன் பிளாக். எண்ணெயைப் போதிய காற்று இல்லாமல் எரித்து எடுக்கும் நுண்ணிய புகைக்கரி. டயரைக் கறுப்பாக்குவதும் இதுதான். வெயிலில் வெளுக்காத நிறமி ஏதேனும் உண்டென்றால் அது கார்பன் பிளாக். புற ஊதாக் கதிர்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, அதுதான் புற ஊதாவை விழுங்கிப் பிளாஸ்டிக்கைக் காக்கிறது. குடிநீர் கொண்டுபோகும் கறுப்பு எச்டிபிஈ குழாய்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் இரண்டரை விழுக்காடு கார்பன் பிளாக் கேட்பது அழகுக்காக அல்ல, ஆயுளுக்காக. கார் பட்டைகளில் நிறத்துக்குத் தேவையான அளவே போடுவதால் வழக்கமாக அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வாகனங்களில் நிறம் பூசாத பிளாஸ்டிக்குக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1972இல் வந்த ரெனோ 5 இரும்புப் பம்பரை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பம்பரோடு தெருவுக்கு வந்தது. அது கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர். பிறகு விலையிலும் எடையிலும் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பாலிப்ரோப்பிலீன் அந்த இடத்தைப் பிடித்தது. 1954இல் மிலான் பாலிடெக்னிக்கில் ஜூலியோ நாட்டா ஒழுங்கான அமைப்புள்ள பாலிப்ரோப்பிலீனை உருவாக்கினார். மூன்றே ஆண்டுகளில் ஃபெராரா நகரில் மோன்டெகாட்டினி நிறுவனம் அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது. 1963இல் கார்ல் சீக்லருடன் நாட்டாவுக்கு நோபல் பரிசு. மலிவு, லேசு, அமிலத்துக்கும் உப்புக்கும் அசையாது. ஆனால் வெயில் அதற்கு ஆகாது. பாதுகாப்புச் சேர்மானம் போதாத பாலிப்ரோப்பிலீன் என்ன ஆகும் என்று பார்க்க, வெள்ளை உரச் சாக்கில் மண் நிரப்பி மொட்டை மாடியில் செடி வைத்தவர்களைக் கேளுங்கள். ஒரு கோடை முடிவதற்குள் சாக்கு கைபட்டால் தூளாக உதிரும்.

ஏன் ஆகாது? பாலிப்ரோப்பிலீன் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் மிக நீண்ட சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் பக்கவாட்டில் ஒரு மீதைல் குழு தொங்குகிறது. அந்தக் கார்பனில் மிஞ்சியிருக்கும் ஒற்றை ஹைட்ரஜன்தான் சங்கிலியின் பலவீனமான இடம். மற்ற ஹைட்ரஜன்களைவிட எளிதில் பிடுங்கப்படும். பாலித்தீனில் இந்த மாதிரி இடங்கள் மிகக் குறைவு. பாலிப்ரோப்பிலீனிலோ ஒவ்வொரு கண்ணியிலும் ஒன்று.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆனால் அதன் ஒவ்வொரு துகளும் வலுவானது. 300 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு மோல் ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 400 கிலோஜூல். கார்பனையும் கார்பனையும் இணைக்கும் பிணைப்பை முறிக்க சுமார் 350 போதும். கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியில் இது சுமார் 220தான். டியூப் லைட் வெளிச்சத்தில் வருடக்கணக்கில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா வெளுக்காததற்கும், வாசலில் நிற்கும் வண்டி வெளுப்பதற்கும் இந்த வித்தியாசமே காரணம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுத்தமான பாலிப்ரோப்பிலீன் இந்த ஒளியை விழுங்கவே செய்யாது, ஊடுருவ விட்டுவிடும். ஆனால் சுத்தமான பாலிப்ரோப்பிலீன் தொழிற்சாலையில் கிடைப்பதில்லை. தயாரிப்பில் மிஞ்சிய வினையூக்கித் துணுக்குகள், உருக்கி அச்சில் ஊற்றும்போதே ஆக்சிஜன் பட்டு உண்டான சேர்மங்கள் ஆகியவை ஒளியைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே ஒரு பிணைப்பு அறுந்து, இணையில்லாத எலக்ட்ரானோடு ஒரு ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது. காற்றின் ஆக்சிஜன் உடனே அதில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கூட்டு பக்கத்துச் சங்கிலியின் பலவீனமான ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. ஹைட்ரஜனை இழந்த சங்கிலி புது ராடிக்கல் ஆகிறது. ஹைட்ரோபெராக்சைடும் சும்மா இருப்பதில்லை. அடுத்த ஒளித்துகளோ கொஞ்சம் வெப்பமோ பட்டதும் இரண்டாக உடைந்து இரண்டு ராடிக்கல்களைத் தருகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகப் பெருகும் வினை இது. அதனால்தான் முதல் இரண்டு வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே கோடையில் பட்டை வெளுத்ததாகத் தோன்றுகிறது.

சூடும் சேர்ந்துகொள்கிறது. கறுப்பு வெப்பத்தை விழுங்கும் நிறம். மே மாத மதியத்தில் அந்தப் பட்டையில் கைவைத்துப் பொறுக்க முடியாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வகை வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. வாகனப் பாகங்களின் வெயில் தாங்கும் திறனை அமெரிக்காவில் மயாமியின் ஈர வெயிலிலும் அரிசோனாவின் பாலை வெயிலிலும் வைத்துச் சோதிப்பது பல பத்தாண்டு வழக்கம். ஆய்வகத்தில் செனான் விளக்கின் கீழே வைத்தும் பார்க்கிறார்கள். மயாமியில் சூரியன் வருடத்தில் ஒருநாளும் உச்சந்தலைக்கு நேரே வருவதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை என்று இரண்டு தடவை வருகிறது. நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

தயாரிப்பாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஹால்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமீன் சேர்மங்கள் 1970களில் சந்தைக்கு வந்தன. இவை ஒளியைத் தடுப்பதில்லை. பிறந்த ராடிக்கலைப் பிடித்து அடக்கிவிட்டு, தாம் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த ராடிக்கலுக்குக் காத்திருக்கின்றன. ஒரே மூலக்கூறு பலமுறை வேலை செய்வதால் அரை விழுக்காட்டுக்கும் குறைவான அளவே வருடக்கணக்கில் தாங்குகிறது. ஆனாலும் நிரந்தரம் இல்லை. அவை மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து மழையிலும் கழுவலிலும் போகின்றன. அமிலம் பட்டால் செயலிழக்கின்றன. அமிலம் சார்ந்த கடுமையான கிளீனரால் கறுப்புப் பட்டையைத் தேய்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

சரி, சங்கிலி அறுந்தால் ஏன் வெள்ளையாகத் தெரிய வேண்டும்? நீளமாகச் சிக்கிக்கிடந்த சங்கிலிகள் துண்டாகும்போது, அந்தத் துண்டுகள் விடுபட்டு நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, படிகமாகின்றன. அடுக்கினால் இடம் குறையும். மேல் தோல் சுருங்குகிறது, அடியில் உள்ள பிளாஸ்டிக் சுருங்கவில்லை. ஆகவே தோல் வெடிக்கிறது. பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துபோகும் நுண்விரிசல்கள் இவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து மோசமாக வெளுத்த பட்டையைப் பாருங்கள். வெடித்த ஏரிப் படுகை மாதிரித் தெரியும். விரிசலின் விளிம்புகள் தூளாகி உதிர, உள்ளே பொதிந்திருந்த டால்க் வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் ஒட்டுவது அந்தத் தூள்தான். பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, டால்க்குக்கு 1.57 சுற்றி. இரண்டும் நெருக்கமானவை என்பதால் பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கும் வரை டால்க் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் தலைநீட்டியதும் அதன்மேல் படும் ஒளியில் சுமார் 5 விழுக்காடு திரும்பி வருகிறது. விரிசலின் ஒவ்வொரு முகத்திலிருந்தும் சுமார் 4 விழுக்காடு. ஆயிரக்கணக்கான முகங்கள் ஆளுக்கொரு திசையில் இப்படித் திருப்பி அனுப்பினால், கண்ணுக்கு வந்து சேர்வது வெண்மை.

தண்ணீர் நுழைந்து விரிசலை நிரப்பும்போது அங்கே காற்று இல்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தண்ணீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் திரும்பி வரும் ஒளி 0.3 விழுக்காடுதான். மிச்ச ஒளி உள்ளே போய் கார்பன் பிளாக்கிடம் மாட்டிக்கொள்கிறது. கறுப்பு தெரிகிறது. தண்ணீர் ஆவியானால் காற்று திரும்புகிறது, வெண்மையும் திரும்புகிறது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். விரிசலில் காற்றுக்குப் பதிலாக எதையாவது வைக்க வேண்டும், அது ஆவியாகாமலும் மழையில் கழுவிப்போகாமலும் இருக்க வேண்டும், முடிந்தால் புற ஊதாவையும் மறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையையும் இந்த மூன்றையும் கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் முதல் கேள்வியில் முதல் வகுப்பில் தேறும். அதன் ஒளிவிலகல் எண் 1.45, விரிசலை அது மறைப்பது கடையில் விற்கும் சிலிக்கான் எண்ணெயைவிடத் துல்லியம். பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் சீக்கிரம் சிக்குப் பிடிப்பதும் இல்லை. ஆனால் ஈரமாகவே நிற்கும். தெருப் புழுதி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு ஷாம்பூ கழுவலில் போய்விடும். கல்யாண வீட்டுக்குப் போகுமுன் அவசரத்துக்குத் தடவலாம், அவ்வளவுதான். டீசல் தடவுவதை நிறுத்திவிடுங்கள். ஈபிடிஎம் ரப்பர் டீசலில் ஊறி உப்பும். பட்டையில் கலந்திருக்கும் ரப்பர் மட்டுமல்ல, கதவு ஓரத்தில் தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பரும் பெரும்பாலும் ஈபிடிஎம்தான். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் வேறு ரகம். காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிப் படலமாகும். பிளாஸ்டிக்கை உடைத்த ஃப்ரீ ராடிக்கல் வினையேதான் இங்கே எண்ணெயை இணைக்கிறது. சில மாதம் தாங்கும், பிறகு மஞ்சள் தட்டும்.

கடைகளில் டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் என்று கிடைப்பவற்றில் பெரும்பான்மை சிலிக்கான் எண்ணெய். வெயில் தாங்கும், கெடாது. ஆனால் இதுவும் மேலே படர்ந்து நிற்பது மட்டுமே. வாரக்கணக்கில் ஆயுள். ஒரு எச்சரிக்கை: பின்னால் அந்த வண்டிக்கு பெயின்ட் அடிக்க நேர்ந்தால், சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் குழிகுழியாக விலகி நிற்கும். பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீடியோக்களில் பார்ப்பவரை வாய்பிளக்க வைப்பது ஹீட் கன். வெளுத்த பம்பரின்மேல் சூடான காற்றை ஓட்டிக்கொண்டே போனால், போன வழியெல்லாம் கறுப்பு. எந்தப் பொருளும் பூசவில்லை. பாலிப்ரோப்பிலீன் உருகும் வெப்பம் 160 டிகிரியை ஒட்டியது; மேல் தோல் அந்த நிலையைத் தொட்டதும் இளகி ஓடி விரிசல்கள் மூடிக்கொள்கின்றன, டால்க் மறுபடி உள்ளே அமிழ்கிறது. வித்தை உண்மைதான். ஆனால் ஒட்டிக்கொண்டவை ஏற்கெனவே அறுந்து குட்டையான சங்கிலிகள்; அவற்றுக்குப் பழைய வலு இல்லை. மிச்சமிருந்த பாதுகாப்புச் சேர்மானத்தையும் அந்தச் சூடு குறைத்துவிடுகிறது. காவல் இல்லாத தோல் முன்னைவிட வேகமாக வெடிக்கும். ஒரு இடத்தில் கூடுதலாக நின்றுவிட்டால் பட்டையின் சொரசொரப்பான அச்சுப் பதிவு உருகி வழவழவென்று தழும்பாகும், அது திரும்ப வராது. பக்கத்துப் பெயின்ட் கொப்புளிக்கலாம். வண்டியை விற்பதற்கு முன்னால் சிலர் இதைச் செய்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் பட்டையில் திட்டுத்திட்டாக வழவழப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

முகப்பு விளக்கு மங்கினால் உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றுவதைப் பார்த்துவிட்டுப் பட்டையையும் தேய்க்கக் கூடாது. விளக்கின் மூடி வழவழப்பான பாலிகார்பனேட். கெட்டுப்போவது பெரும்பாலும் அதன்மேல் பூசிய காப்புப் படலம். இங்கே அச்சுப் பதிவுதான் அழகே.

ஆக, தாங்கக்கூடியவை இரண்டு வகை. சிலிக்கா சார்ந்த பூச்சு, அதாவது செராமிக் கோட்டிங் என்று விற்கப்படுவது, விரிசலுக்குள் போய் அங்கேயே வலைபோல் பின்னி இறுகிவிடுகிறது. ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கு. ஆனால் நிறமற்ற சிலிக்கா தானாகப் புற ஊதாவை மறிக்காது. அதற்கெனத் தனிச் சேர்மானம் கலந்திருக்க வேண்டும். இன்னொன்று கறுப்பு நிறமி கலந்த பிளாஸ்டிக் பூச்சு. இதில் கார்பன் பிளாக்கே இருப்பதால் விரிசலையும் நிரப்புகிறது, அடியில் உள்ள பிளாஸ்டிக்குக்குக் குடையாகவும் நிற்கிறது. நன்றாக வெளுத்துவிட்ட பட்டைக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

இந்த இரண்டிலும் தோல்விக்குக் காரணம் பூச்சு அல்ல, பிடிப்பு. பாலிப்ரோப்பிலீனின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. புதுப் பட்டையில் தண்ணீர்கூட உருண்டு ஓடும். அதனால்தான் பெயின்ட் கடைகளில் பிளாஸ்டிக்குக்கென்று தனிப் பிரைமர் வைத்திருக்கிறார்கள். வெளுத்த பட்டையில் ஆக்சிஜன் ஏறியிருப்பதால் பூச்சுக்குப் பிடிமானம் கூடுதல். வெயில் செய்த கேட்டில் நமக்கு வாய்த்த ஒரே நன்மை. ஆனால் உதிரும் தூளின்மேல் பூசினால் பூச்சு தூளோடு சேர்ந்து உரியும். எனவே சோப்பு நீரும் நைலான் பிரஷும் கொண்டு அச்சுப் பதிவின் இடுக்குகள்வரை தேய்க்க வேண்டும். கழுவும் நீர் சாம்பலாக ஓடுவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். ஒரு இரவு காயவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் வைத்துத்தான் பூச வேண்டும். பெயின்டை ஒட்டி ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு இருந்தால் அது வெளுப்பு அல்ல, காய்ந்த வாக்ஸ். பென்சில் அழிக்கும் ரப்பரே அதை எடுத்துவிடும்.

அந்தச் சாம்பல் நீர் எங்கே போகிறது என்பதும் என்னை உறுத்துகிறது. அதில் கலந்திருப்பது அழுக்கு மட்டுமல்ல; கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள். தெருவில் நிற்கும் ஒவ்வொரு வெளுத்த பட்டையும் ஒவ்வொரு மழையிலும் இவற்றைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. வெறும் நிறத்துக்காகப் புதுப் பம்பர் மாற்றினால் மூன்று நான்கு கிலோ பிளாஸ்டிக் குப்பைக்குப் போகும். பூசி மூடிக் காப்பாற்றுவது காசுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. விரலால் அழுத்தினால் வெடிக்கும் அளவுக்கு நொறுங்கிப்போன பட்டையை மட்டும் மாற்றுங்கள்.

புது வண்டி வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெயின்டுக்குக் கோட்டிங் போட ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். அந்தப் பெயின்டின் மேல் ஏற்கெனவே புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் இருக்கிறது. மேற்பூச்சு எதுவும் இல்லாமல் வெயிலில் நிற்பது பக்கத்திலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்தான். முதல் மாதத்திலேயே, யுவி தடுப்பு கலந்தது என்று தெளிவாக எழுதியிருக்கும் பூச்சை அந்தப் பட்டைகளுக்கும் போடச் சொல்லுங்கள். புதுப் பிளாஸ்டிக்கில் பிடிப்பு குறைவு என்பதால் வருடம் ஒருமுறை புதுப்பியுங்கள். வண்டி எப்போதும் ஒரே இடத்தில் நிற்குமானால் வெயில் படும் பக்கத்தை அவ்வப்போது மாற்றி நிறுத்துங்கள்.